அழுக்குத் தெரியாத கல்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாயாடி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அடுப்படி மேடையைத் தவிர. உன் முதுகு வலி எப்படி இருக்கிறது? விடுதிச் சாப்பாடு கொஞ்சமாவது தேறியதா, இல்லை அதே கதைதானா?

உனக்குத்தான் தெரியுமே, நம் மேடையில் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் ஒரு விரிசல் இருந்தது. அது இப்போது முழுசாக வாயைப் பிளந்துவிட்டது. பாத்திரம் கழுவுகிற தண்ணீரெல்லாம் அதன் வழியாக இறங்கி, கீழ் அலமாரிக் கதவு ஊறி உப்பிக் கிடக்கிறது. திறந்தால் மூடாது, மூடினால் திறக்காது. இரட்டைப் பயல்கள் அதற்குள் ஒளிந்து விளையாடப் போய் ஒருத்தன் மாட்டிக்கொண்டான். இவர் பஸ் டிப்போவிலிருந்து வந்து கடப்பாரை போட்டு நெம்பித் திறந்தார். வெளியே வந்தவன் அழுவான் என்று பார்த்தால், "அப்பா, இன்னொரு தடவை!" என்கிறான்.

ஆக, மேடையை மாற்றியே தீரவேண்டும். கையிலிருப்பதோ கொஞ்சம். வீட்டிலிருப்பதோ ஏழு வயிறு. காலையில் அந்த மேடைமேல் எத்தனை டப்பா, எத்தனை டம்ளர், எத்தனை சண்டை! சாயங்காலமானால் பெரியவள் அதன்மேல்தான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். மாமனார் ரேடியோவைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்ப்பதும் அதன்மேல்தான். கடைக்குட்டி அதில் ஏறி உட்கார்ந்துதான் வாயைத் திறக்கிறாள்.

வருஷக் கடைசியில் நீ வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறாய். பின்னறை உனக்கென்று காலியாகவே இருக்கிறது, யாரையும் அண்டவிடவில்லை. அம்மா அப்பா போனபிறகு எனக்குச் சமைத்துப் போட்டு, ஊருக்கெல்லாம் தைத்து என்னை ஆளாக்கி, கல்யாணமும் பண்ணிவைத்தவள் நீ. வந்து உட்கார், நான் சமைக்கிறேன் என்றால் நீ உட்காரவா போகிறாய்? அதனால் இது உன் மேடையும்தான். கல்லா, பலகையா, என்ன நிறம், உன் யோசனையை எழுது.

போனில் பேசலாமென்றால் உங்கள் விடுதி வார்டன் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறாள். நமக்குக் கடிதம்தான் சரி. குழந்தைகள் பெரியம்மாவுக்கு முத்தம் தரச் சொன்னார்கள்.

உன் வாயாடி


ஜனவரி 30

என் வாயாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடித்தேன். உன் கையெழுத்து எறும்பு ஊர்வது மாதிரி ஆகிவிட்டது. அடுத்த முறை கறுப்பு மையில் பெரிதாக எழுது. அலமாரிக்குள் மாட்டியவன் எந்தப் பயல் என்று எழுதாமல் விட்டுவிட்டாய். மூத்தவனாகத்தான் இருக்கும்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. ஃபேக்டரியில் தையல் மிஷினிலிருந்து மடிப்புப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். முதுகு வலிதான் காரணம். பள்ளிக்கூடச் சட்டைகளை மடித்து உறையில் போடுகிற வேலை. காலரைத் தொட்டாலே அளவு சொல்லிவிடுகிறேன் என்று சூப்பர்வைசருக்கு ஆச்சரியம்.

மேடைக்கு வருகிறேன். எந்தப் பொருளாக இருந்தாலும் சரி, ஒரே நிறமாக எடு. வெளிர் நிறம். பூவும் புள்ளியும் வேண்டாம். பளபளப்பும் வேண்டாம், விளக்கு பட்டால் கண் கூசும். ஓரத்தைக் கூர்மையாக விடாமல் உருட்டச் சொல். முடிந்தால் ஓரம் மட்டும் வேறு நிறமாக இருக்கட்டும். மேடைக்கு நேர் மேலே ஒரு விளக்கும் போடு.

மாப்பிள்ளையையும் உன் மாமனாரையும் விசாரித்ததாகச் சொல். குழந்தைகளைக் கண்ணிலேயே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

கறுப்பு மை, கொட்டை எழுத்து. போதுமா, டீச்சரம்மா? உனக்கும் வயசாகிறது, கண்ணாடியை மாற்று என்றால் கேட்கமாட்டாய். இங்கே எல்லோருக்கும் ஜலதோஷம், மற்றபடி நலம். மாட்டியவன் இளையவன். உன் கணக்குத் தப்பு.

வெளிர் நிறமா? எங்கள் வீட்டிலா? அக்கா, நீ எந்த உலகத்தில் இருக்கிறாய்? டீக்கறை, பேனா மை, மாமனாரின் ரேடியோ எண்ணெய், கடைக்குட்டியின் கிரையான். வெள்ளைக் கல்லைப் போட்டால் நான் துடைப்பதற்கென்றே இன்னொரு பிறவி எடுக்கவேண்டும்.

நானும் இவரும் ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்தோம். மைக்கா ஒட்டின பலகை விலையில் கைக்கு அடக்கம், ஆனால் சூடான பாத்திரத்தை வைத்தால் பொசுங்கிவிடுமாம். நம் வீட்டில் பாத்திரத்தைப் பார்த்து இறக்கிவைக்கிற ஆள் யார்? டைல்ஸ் மலிவு, இடுக்கில் சேருகிற அழுக்கு இலவசம். சலவைக்கல் விலையைக் கேட்டதும் இவருக்கு வேர்த்துவிட்டது. எவர்சில்வர் தகடு போடலாமென்றால் மாமனார் ஒரே பிடியாக மறுத்துவிட்டார். "டம்ளரை வச்சா டங்குன்னு கேட்கும், நான் எப்படி செய்தி கேட்கிறது?"

கடைசியில் ஒரு கல்லுப்பட்டறைக்குப் போனோம். அந்த மனுஷர் ஒவ்வொரு கல்லையும் தன் சொந்தப் பெண்ணுக்கு வரன் பார்க்கிற மாதிரி அறிமுகம் செய்தார். "இது ரொம்ப அடக்கமான கல்லும்மா" என்கிறார்! மூலையில் ஏதோ ஒரு ஹோட்டலுக்கு அறுத்ததில் மிஞ்சிய கிரானைட் துண்டுகள் கிடந்தன. கறுப்பில் வெள்ளை, பழுப்பு, சாம்பல் என்று பொடிப் பொடியாய்ப் புள்ளி. கண்ணாடி மாதிரி பளபளப்பு. மிச்சத் துண்டு என்பதால் விலை பாதிக்கும் கீழே. அவர் என் கண்ணெதிரே டீயை ஊற்றினார், சாம்பலைத் தட்டினார், கீழே கிடந்த மண்ணை ஒரு சிட்டிகை தூவினார். "எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்றார். சத்தியமாகத் தெரியவில்லை, அக்கா!

எதைக் கொட்டினாலும் தெரியாத கல். இது எனக்கென்றே பிறந்த கல். என்ன சொல்கிறாய்?

உன் வாயாடி


பிப்ரவரி 26

என் வாயாடிக்கு,

ஜலதோஷம் விட்டதா? கடைக்குட்டிக்கு நெஞ்சுச் சளி இல்லையே? நான் நன்றாக இருக்கிறேன். பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு தட்டச்சுக்காரி வந்திருக்கிறாள். செய்தித்தாளை சத்தம் போட்டுப் படிக்கிற பழக்கம் அவளுக்கு. எனக்கு வசதியாகப் போயிற்று.

அந்தக் கல்லை எடுக்காதே. நான் உன்னிடம் எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை, இதற்குப் பிடிக்கிறேன். வெளிர் நிற மைக்காப் பலகையே எடு. பொசுங்கினால் பொசுங்கட்டும், அடுப்புப் பக்கம் மட்டும் ஒரு துண்டு டைல்ஸ் வைத்துக்கொண்டால் போகிறது. துடைக்கிற வேலையைப் பற்றி நீ கவலைப்படாதே. அதற்குத்தான் நான் வரப்போகிறேனே, எவ்வளவு அழுக்கானாலும் நான் துடைக்கிறேன். கல்தான் வேண்டுமென்றால் பளபளப்பு ஏற்றாத வெளிர்க் கல்லாகப் பார். அவசரப்படாதே.

மேடை எப்போது முடியும் என்று எழுது. வருஷக் கடைசிவரை காத்திருக்காமல் ஏப்ரல் தொடக்கத்திலேயே லீவு போட்டு இரண்டு வாரம் வந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். உன் அடுப்படியை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடவேண்டும்.

எல்லோருக்கும் என் அன்பு.

அக்கா


மார்ச் 7

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி. எல்லோருக்கும் உடம்பு தேவலை. கடைக்குட்டி முன்னைவிட அதிகமாகச் சாப்பிடுகிறாள்.

உன் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவந்தபோது கொத்தனார் கல்லின் கடைசித் துண்டைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். நான் உன் கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறேன், அவர் "அம்மா, இறக்கட்டுமா?" என்கிறார். நான் என்ன செய்ய? இன்னொருத்தன் அந்தத் துண்டுகளுக்கு விலை பேசுகிறான் என்று பட்டறைக்காரர் பயமுறுத்தியதால் முன்பே பணத்தைக் கட்டிவிட்டோம். "இறக்குங்க" என்று சொல்லிவிட்டேன்.

போட்டபிறகு பார், அடுப்படிக்கே ஒரு களை வந்துவிட்டது. ஓரத்தை உருட்டினால் கூலி கூடுதல் என்றார்கள், அதனால் நேராகவே விட்டுவிட்டோம். விளக்கு பழைய இடத்திலேயே இருக்கிறது. முதல் நாளே இரட்டையர் ஜாம் பாட்டிலைக் கவிழ்த்தார்கள். நான் மறுநாள் காலையில் கையை ஊன்றியபோதுதான் தெரிந்தது, உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு நல்ல கல் பார்த்தாயா!

ஏப்ரலில் நீ வருவதாக எழுதியதைப் படித்ததும் வீடே குதித்தது. வந்து பார். பார்த்தால் நீயே மெச்சுவாய்.

உன் வாயாடி


மார்ச் 19

என் வாயாடிக்கு,

எல்லோரும் சுகமென்று அறிந்து சந்தோஷம். நானும் அப்படியே.

போட்டாச்சென்றால் போட்டாச்சு. உறுதியான கல்தான், வீணாகாது. நான் ஏப்ரல் முதல் வாரம் கிளம்புகிறேன். மாப்பிள்ளையை பஸ் நிலையத்துக்கு வரச் சொல், நான் அவரைத் தேடமாட்டேன், அவர் என்னைத் தேடட்டும். ஒன்று மட்டும் செய். அடுப்படியில் எது எது எங்கே என்று இப்போதே ஓர் ஒழுங்கு வைத்துவிடு. அதன்பிறகு இடம் மாற்றாதே.

அக்கா


ஏப்ரல் 16

அக்காவுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்தாயா? விரல் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் இருக்கிறோம்.

இரண்டு வாரம் என்று சொல்லி வந்தவள் மூன்றாம் நாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டாய். "ஃபேக்டரியில அவசர ஆர்டர், நான் கிளம்பறேன்." சொல்லத் தெரியாத பொய்யை என்னிடம் நீ சொல்லக்கூடாது, அக்கா. கோபம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

நான் கத்தியது தப்புத்தான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ வந்த நேரத்திலிருந்து எப்படி இருந்தாய் என்று யோசித்துப் பார். உள்ளே நுழைந்ததும் மேடையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனாய். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று குறை கண்டுபிடிக்கிற மாதிரி. நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை வரவில்லை. ஒவ்வோர் அலமாரியாகத் திறந்து டப்பாக்களை எடுத்து எடுத்து வைத்தாய். பட்டப்பகலில் விளக்கைப் போடச் சொன்னாய். இரட்டையர் உப்பையும் சர்க்கரையையும் மாற்றி வைத்ததற்கு, குழந்தைகளை ஒருநாளும் அதட்டாதவள், அவர்களை அதட்டினாய்.

எல்லாவற்றையும்விட எனக்கு எது வலித்தது தெரியுமா? நான் பேசும்போதெல்லாம் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நான் நேராக வந்து நின்றால் நீ ஜன்னல் பக்கம் பார்க்கிறாய். அந்தப் பக்கம் போனால் சுவரைப் பார்க்கிறாய். ஒரு கல்லுக்காகவா?

இரண்டாம் நாள் கத்தியை மேடைமேல் வைத்துவிட்டு, நீயே அதன்மேல் கையை வைத்து அறுத்துக்கொண்டாய். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கண்ணாடி ஜாடியைப் பாதி மேடையிலும் பாதி அந்தரத்திலும் வைத்தாய். அது விழுந்து உடைந்த இடத்தில் கடைக்குட்டி வெறுங்காலோடு நிற்கிறாள். எனக்கு உயிரே போய்விட்டது. "கண்ணை எங்க வச்சிருக்க நீ? புள்ள காலைக் கிழிச்சிருந்தா?" என்று மாமனார், இவர், குழந்தைகள் எல்லோருக்கும் முன்னால் கத்திவிட்டேன். நீ தரையில் உட்கார்ந்து சில்லுகளைக் கையால் துழாவித் துழாவிப் பொறுக்கினாய். துடைப்பம் இருக்கும்போது எதற்குக் கையை விடுகிறாய் என்று அதற்கும் ஒருமுறை கத்தினேன்.

பெத்த தாய் மாதிரி இருந்தவளை அப்படிப் பேசியிருக்கக்கூடாது. மன்னித்துவிடு. ஆனால் நீயும் எனக்கு ஒரு பதில் சொல்லவேண்டும்.

வாயாடி


மே 28

அன்புத் தங்கைக்கு,

எழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்காதே. விரல் காயம் இன்னும் சரியாகவில்லை, அதனால் நான் சொல்லச் சொல்லத் தட்டச்சுக்காரி எழுதுகிறாள். மற்றபடி நலம். பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

உன்மேல் எனக்குக் கோபமே கிடையாது. பிள்ளை காலடியில் கண்ணாடி உடைந்தால் எந்தத் தாயும் கத்துவாள், கத்தாவிட்டால்தான் தப்பு. அதை அன்றோடு மறந்துவிட்டேன். நீயும் மற. ஜாடி ஒன்று வாங்கிவைத்திருக்கிறேன், இங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். உடையாத ஜாடி, பிளாஸ்டிக்.

ஒரு விஷயம். வருஷக் கடைசியில் வருவதாகச் சொன்னேன் அல்லவா? இங்கே இன்னும் கொஞ்ச காலம் இரு என்கிறார்கள். எனக்கும் இந்த விடுதி பழகிவிட்டது. அதனால் பின்னறையை எனக்கென்று பூட்டிவைக்காதே. பெரியவளுக்குக் கொடு, அவள் எத்தனை நாளைக்குத்தான் அடுப்படியில் உட்கார்ந்து படிப்பாள்?

மாப்பிள்ளையை விசாரித்தேன். பஸ் நிலையத்தில் அவர் என் பையை வாங்கிக்கொண்டு கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிட்டார். நல்ல மனுஷர்.

அக்கா


ஜூன் 6

அக்காவுக்கு,

நீ சுகம் என்று எழுதியிருக்கிறாய், நான் நம்பவில்லை. நாங்கள் சுகம் என்று நான் எழுதினால் நீயும் நம்பாதே. ராத்திரி சாப்பிடும்போது கடைக்குட்டி "பெரியம்மா எப்ப வரும்?" என்று கேட்டாள். மாமனார் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

வெட்டுக்காயம் ஏப்ரலில் பட்டது. இப்போது ஜூன். எந்த விரல் இத்தனை நாள் ஆறாமல் இருக்கும்? என்னை இன்னும் பாவாடை கட்டின பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாயா? எனக்குக் கடிதம் எழுதக் கை வரவில்லை என்றால் அப்படிச் சொல்லிவிடு.

அறையை யாருக்கும் கொடுக்கமாட்டேன். பெரியவளே வேண்டாம் என்கிறாள். உன் கையால் ஒரு வரி எழுது. ஒரே வரி போதும். திட்டியாவது எழுது.

வாயாடி


ஆகஸ்ட் 2

என் அக்காவுக்கு,

இதைத் தட்டச்சுக்காரிதான் உனக்குப் படித்துக் காட்டுவாள் என்று எனக்கு இப்போது தெரியும். படிக்கிற புண்ணியவதிக்கு வணக்கம். அம்மா, தயவுசெய்து ஒரு வரியும் விடாமல் படியுங்கள்.

ஜூன் போய் ஜூலை போனது, உன் கையால் அந்த ஒரு வரி வரவில்லை. போன வாரம் இவருக்கு டிப்போவில் வருஷாந்திரக் கண் பரிசோதனை. பாஸாகிவிட்டேன் என்று இனிப்போடு வந்தார். நான் உன்மேலிருந்த ஆத்திரத்தில், "எங்க அக்காவுக்கு மட்டும் இந்த வீட்டு இனிப்பு கசக்குது" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"டாக்டர் அவங்களுக்கு என்ன சொன்னாராம்?"

"எதுக்கு? விரலுக்கா?"

"கண்ணுக்கு."

நான் இனிப்புத் தட்டைக் கீழே வைத்தேன். அவர்தான் சொன்னார். "எங்க டிப்போல ஒருத்தருக்கு இப்படித்தான் ஆச்சு. நேரா பார்த்தா நடுவுல ஒண்ணும் தெரியாது, முகத்தைத் திருப்பி ஓரமா பார்த்தாதான் கொஞ்சம் தெரியும். இப்ப வண்டி எடுக்கிறதில்ல, ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கார். பஸ் ஸ்டாண்ட்லயே அக்காவைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"உனக்குத் தெரியும்னு நினைச்சேன். அக்கா தங்கச்சிக்குள்ள தெரியாமலா இருக்கும்?"

அக்கா, நீ ஜனவரியில் எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பளபளப்பு வேண்டாம், புள்ளி வேண்டாம், வெளிர் நிறம், உருட்டின ஓரம், அது வேறு நிறம், நேர் மேலே விளக்கு. நீ கேட்டது அத்தனையும் எனக்குக் கிளிப்பிள்ளை மாதிரி மனப்பாடமாக இருந்தது. ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

பெரியவள் பள்ளிக்கூட ஆய்வகத்துக்குப் போட்டுப் போகிற கண்ணாடியை எடுத்து, நடுவில் வட்டமாகக் களிம்பைத் தடவி மாட்டிக்கொண்டேன். மேடைக்கு முன்னால் நின்று ஒரு கத்தியை வைக்கச் சொன்னேன். என் சொந்த அடுப்படி, தினமும் புழங்குகிற இடம். கத்தியைக் காணோம். தேடிக் கையை நீட்டும்போது பெரியவள் கத்திவிட்டாள். மேடை எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். கண்ணை எங்க வச்சிருக்க என்று கேட்டேனே உன்னை, அதுவும் எல்லோருக்கும் முன்னால்!

இப்போது செய்திருப்பதைக் கேள். கல்லை எடுத்துவிட்டு வேறு போட வசதியில்லை. அதனால் கல்லின் மேலேயே வெள்ளை மைக்காத் தகட்டை ஒட்டிவிட்டோம். பட்டறைக்காரர் கேள்விப்பட்டு, பட்டுப்புடவைக்கு மேல் சாக்கைச் சுற்றினீங்களேம்மா என்று நொந்துபோனார். ஓரத்துக்கு இவர் டிப்போவிலிருந்து மஞ்சள் பெயிண்ட் கொண்டுவந்து அடித்தார். பஸ் படியின் விளிம்பில் அடிப்பார்களே, ஆட்கள் தவறி விழாமலிருக்க, அதே மஞ்சள். நேர் மேலே விளக்கு. டப்பாக்களை இடம் மாற்றினால் சினிமா கிடையாது என்று இரட்டையருக்குச் சட்டம். இப்போது ஒரு துளி டீ சிந்தினாலும் பளிச்சென்று தெரிகிறது. நாள் முழுக்கத் துடைக்கிறேன்.

வா அக்கா. உன் மேடை தயாராக இருக்கிறது. இவர் நேரில் வந்து அழைத்துவருவார்.

உன் வாயாடி


ஆகஸ்ட் 21

என் வாயாடிக்கு,

உன் கடிதத்தை இவள் படித்தாள், நான் கேட்டேன். நடுவில் அவள் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். பட்டுப்புடவை, சாக்கு என்ற இடத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். நீங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. கண்தான்.

போன வருஷக் கடைசியிலேயே டாக்டர் சொல்லிவிட்டார். மருந்தால் திருப்ப முடியாது, இருக்கிறவரை இருக்கும் என்றார். உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு ஏற்கெனவே ஏழு வயிறு. நான் உனக்குக் கை கொடுக்க வருகிறவளாக வரவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நீ கையைப் பிடித்துக் கூட்டிப்போக வேண்டியவளாக வர எனக்கு மனசில்லை. அது என் கர்வம். உன் தப்பில் பாதி அந்தக் கர்வத்தால் வந்தது, அதனால் முழுசையும் நீயே சுமக்காதே.

ஏப்ரலில் அவசரமாக வந்தது எதற்கென்றால், கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும்போதே உன் அடுப்படியை மனசில் பதித்துக்கொள்ளத்தான். எந்த அலமாரியில் எந்த டப்பா, மேடை எதுவரை, தொட்டி எங்கே. ஒருமுறை நன்றாகப் பதிந்துவிட்டால் பிறகு கண் போனாலும் கை பார்த்துக்கொள்ளும் என்று கணக்குப் போட்டேன். தடவிப் பார்த்தது குறை கண்டுபிடிக்க இல்லையடி. இரண்டு வாரம் இருந்திருந்தால் பதிந்திருக்கும். நானாவது இருந்திருக்கவேண்டும், ரோஷத்தோடு பையைத் தூக்கினேன்.

இப்போது நீ ஒட்டிய வெள்ளையும் மாப்பிள்ளை அடித்த மஞ்சளும் எனக்குத் தெரியாது. இந்த இரண்டு மாசத்தில் எல்லாம் ஒரே புகையாகிவிட்டது. "இதை நான் எழுத மாட்டேன்" என்கிறாள் இவள். எழுது என்று சொல்லிவிட்டேன், இனி உன்னிடம் மறைக்கப்போவதில்லை.

இந்த விடுதி அறை எனக்குப் பதிந்துவிட்டது. கட்டில், கதவு, குழாய், மாடிப்படி எல்லாம் காலுக்கே தெரியும். ஃபேக்டரியில் தொட்டுப் பிரிக்கிற வேலை கொடுத்திருக்கிறார்கள். இன்னொரு வீட்டைப் புதிதாகப் பார்த்துப் பதித்துக்கொள்ள என்னிடம் கண் இல்லை. நான் வரவில்லையடி. அறையைப் பெரியவளுக்குக் கொடு. துடைத்துத் துடைத்துக் கையைப் புண்ணாக்கிக்கொள்ளாதே.

அக்கா


ஆகஸ்ட் 30

என் அக்காவுக்கு,

எல்லோரும் உன்னைக் கேட்கிறார்கள். விசாரிப்பெல்லாம் இந்தத் தடவை இவ்வளவுதான், மீதியை நேரில் கேட்டுக்கொள்கிறேன்.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு மேடைக்கு முன்னாலேயே நின்றிருந்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கிறது. யாருக்காக இருக்கிறது என்று தெரியவில்லை. அடக்க முடியாமல் அழுதேன். மாமனார் ரேடியோவை அணைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

வா, வா என்று இனி உன்னை நச்சரிக்கமாட்டேன். இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளத் தெரியாதவளுக்கு அந்த உரிமை போய்விட்டது. நான் வருகிறேன். சனிக்கிழமை இவருடைய பஸ்ஸிலேயே ஏறி, நடுவில் வேறு பஸ் மாறி வருகிறேன். குழந்தைகளை மாமனார் பார்த்துக்கொள்கிறார், கடவுள்தான் அவரைப் பார்த்துக்கொள்ளவேண்டும்.

உன் அறையில் ஒரு சாமானையும் தொடமாட்டேன். எதையும் இடம் மாற்றமாட்டேன். கட்டிலுக்குப் பக்கத்தில் பேசாமல் உட்காருவேன், அதாவது முடிந்தவரை பேசாமல்.

நான் பேசும்போது நீ முகத்தைத் திருப்பிக்கொள், அக்கா. எந்தப் பக்கம் திருப்பினால் நான் கொஞ்சமாவது தெரிவேனோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள். நான் எழுந்து அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.

உன் வாயாடி